சைக்கிள் பக்கம்: ஜம்பில் விழுந்தவர்கள் கேட்கிறார்கள்

ஜூன் விடுமுறை முடிந்ததும் சிங்கப்பூரின் ஊபியில் இருக்கும் என் பட்டறைக்கு வளைந்த ரிம், முறுக்கிக்கொண்ட ஹேண்டில்பார், மண் அப்பிய கைப்பிடி என்று வரிசையாக சைக்கிள்கள் வரும். இந்த முறை கடிதங்களும் அதே போலத்தான் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஜம்பில் விழுந்த கதை. எனவே இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கியர், செயின் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 23. தேசிய சேவை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். செஸ்ட்நட் பூங்காவிலும் உபின் தீவின் கீத்தாம் பூங்காவிலும் உள்ள டேபிள் டாப்புகளை (நடுவில் மண் நிரப்பிய ஜம்ப்களை) சுலபமாகத் தாண்டுவேன். ஜூனில் நண்பர்களோடு நியூசிலாந்தின் ரொட்டோருவாவுக்குப் போனேன். அங்கே ஆறு மீட்டர் இருக்கும் ஒரு கேப் ஜம்பில் (நடுவில் மண்ணில்லாமல் வெற்றிடம் உள்ள ஜம்ப்) பின்சக்கரம் எகிறித் தலைகுப்புற விழுந்ததில் இடது காறையெலும்பு முறிந்துவிட்டது. “பயந்துட்டே, அதான். அடுத்த தடவ யோசிக்காம வேகமா விடு” என்கிறார்கள் நண்பர்கள். வீடியோவை இணைத்திருக்கிறேன். டிசம்பரில் மறுபடியும் போகிறோம். அதே ஜம்பை எடுக்கலாமா?
— வாசகர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: தம்பி, உங்கள் வீடியோவை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நல்லவேளையாக உங்கள் நண்பர் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறார். பின்னாலிருந்து எடுத்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

வேகம் பத்தாமல் நீங்கள் விழவில்லை. உங்கள் முன்சக்கரம் மண்ணைத் தொட்ட இடம் இறங்குசரிவின் நடுப்பகுதி. தூரம் சரியாகத்தான் வந்திருக்கிறது. தூரம் குறைந்து விழுந்திருந்தால் பின்சக்கரம் சரிவின் மேல்முனையில் மோதியிருக்கும், ரிம் ஒரே இடத்தில் நசுங்கியிருக்கும், டியூப் போட்ட டயராக இருந்தால் அதில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களில் பின் ரிம் பழுதில்லாமல் இருக்கிறது. அடிபட்டதெல்லாம் முன்பக்கம்தான். இடது கைப்பிடி கிழிந்திருக்கிறது, பிரேக் லீவர் கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் சக்கரத்துக்கு நேராக இல்லை. இது மூக்கு கவிழ்ந்து விழுந்த சைக்கிள்.

ஏன் கவிழ்ந்தது? வீடியோவில் நீங்கள் லிப்பை, அதாவது ஏறுமுகத்தின் மேல்விளிம்பை, விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய கணத்தை நிறுத்திப் பாருங்கள். ஏறுமுகத்தின் வளைவில் சைக்கிள் ஏறும்போது மண் உங்களை மேலே தள்ளுகிறது, பின் ஷாக் (அதிர்வுதாங்கி) அமுங்குகிறது. அப்போது கால்கள் உறுதியாக நின்று, பெடல்களை மிதித்தபடியே உடம்பு சீராக நிமிர வேண்டும். உங்கள் முழங்கால்கள் அந்த இடத்தில் மடங்கிவிட்டன. இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போய்விட்டது, கைகள் விறைத்து நீண்டுவிட்டன. கால்கள் மடங்கியதால் பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க எதுவுமில்லை. அமுங்கிய ஷாக் லிப்பின் முனையில் விரிந்து பின்சக்கரத்தை உதைத்துவிட்டது. கைகள் ஏற்கெனவே முழுக்க நீண்டிருந்ததால் ஹேண்டில்பார் முன்னே போகப் போக உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. காற்றில் நீங்கள் செய்யக்கூடியது அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்த அளவு ஜம்பில் காற்றில் இருக்கும் நேரம் ஒரு விநாடிகூட இல்லை.

எனவே “வேகமா விடு” என்ற அறிவுரையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அதே மடங்கிய கால், அதே விறைத்த கை, கூடுதல் வேகம் என்று போனால் அதே உதை இன்னும் உயரத்தில் கிடைக்கும். உங்கள் நண்பர்கள் மனம் நிறைந்த அன்போடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விழுந்ததற்கெல்லாம் பயத்தைக் காரணமாகச் சொல்லும் பழக்கம் நம் குழுக்களில் வேரோடிவிட்டது. காரணம் பயம் என்றானால் மருந்து துணிச்சல் என்றாகிவிடும், முழங்காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். என்னிடம் கற்க வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஏன் விழுந்தாய் என்பதை ஒரே வாக்கியத்தில், உடம்பின் ஓர் உறுப்பையோ சைக்கிளின் ஒரு பாகத்தையோ பெயர் சொல்லிச் சொல். சொல்ல முடியாதவரை அந்த ஜம்பின் பக்கம் போகாதே. உங்கள் வாக்கியம் இது: “லிப்பில் என் கால்கள் மடங்கின.”

அமெரிக்காவின் யூட்டாவில் 2001இல் தொடங்கிய, செங்குத்துப் பாறைச் சரிவில் சைக்கிளில் குதித்து இறங்கும் ரெட்புல் ராம்பேஜ் போட்டியைக் காட்டி, “அவர்களெல்லாம் யோசித்தா குதிக்கிறார்கள்” என்று உங்கள் குழுவில் பேசிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒவ்வோர் ஓட்டுநரும் தன் ஆட்களோடு பல நாள் மண் வெட்டித் தன் பாதையைத் தானே அமைக்கிறார். ஒவ்வொரு ஜம்பையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கிறார். காற்று எழுந்தால் போட்டியை நிறுத்தி வைப்பார்கள். 2013இல் கெல்லி மெக்கேரி 22 மீட்டர் பள்ளத்தின் மேல் பின்னோக்கிக் கரணம் அடித்த காட்சியை உங்கள் குழுவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2015இல் அதே போட்டியில் பால் பாசகோய்ட்டியா விழுந்து முதுகெலும்பு உடைந்ததையும், மறுபடி நடக்க அவர் பட்ட பாட்டையும் எத்தனை பேர் பார்த்தார்கள்? அவ்வளவு அணியமாகி வந்தவருக்கே அந்த மண் அப்படி.

இப்போது என்ன செய்யலாம்? காறையெலும்பு ஒட்டிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லும்வரை ஜம்பை மறந்துவிடுங்கள். வலி போவதும் எலும்பு முழுக்கச் சேர்வதும் ஒரே நாளில் நடப்பதில்லை. அதற்குள் சைக்கிளைப் பார்க்கலாம். ஷாக்கின் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய பின் அது விரிவது, வேகமாக வைக்கப்பட்டிருந்தால் அந்த உதைக்கு அதுவும் உடந்தை. சீட்டில் உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், வேறொருவரை. பின்பக்கம் அமுங்கி, ஒரு தடவை எழுந்து, அடங்க வேண்டும். இரண்டாவது தடவையும் துள்ளினால் ரீபவுண்ட் வேகத்தை ஒரு சொடுக்கு, ஒரு சொடுக்காகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் எடையில் ஷாக் தானாக அமுங்குவது, அது அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில் கால்பங்கிலிருந்து 30 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

மருத்துவர் அனுமதித்ததும் செஸ்ட்நட் பம்ப் டிராக்குக்கு, அதாவது சின்ன மேடுகள் வரிசையாக வரும் சுற்றுப்பாதைக்கு, போங்கள். பெடல் போடாமல், அழுத்தியும் தளர்த்தியும் மட்டுமே சுற்றி வர வேண்டும். மேடேறும்போது காலால் தள்ளுவது எப்படி என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சிறந்த இடம் இந்தத் தீவில் இல்லை. உங்களைப் போலச் சின்ன டேபிள் டாப்பை வேகத்தால் தாண்டிப் பழகியவர்கள் பலரும் காலைப் பயன்படுத்தவே கற்றிருப்பதில்லை. சின்ன ஜம்ப் அதை மன்னித்துவிடும், ஆறு மீட்டர் மன்னிக்காது.

டிசம்பரில் அந்த கேப்புக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் அதே நீளமுள்ள ஒரு டேபிள் டாப்பைத் தேடுங்கள். தூரம் குறைந்தாலும் நடுவில் மண் இருக்கும். அதில் உங்கள் நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து கால்கள் நிமிர்வது தெரிந்தால் கேப்பைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் டேபிள் டாப்பிலேயே விடுமுறையைக் கழித்துவிட்டு வாருங்கள், அதிலும் மகிழ்ச்சி நிறைய உண்டு. போவதற்கு முன் பயணக் காப்புறுதியில் மலைச் சைக்கிளோட்டம் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பல திட்டங்கள் இதைத் தனியாக விலக்கி வைத்திருக்கும்.

கேள்வி: ஒரு ஜம்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகவே போய் மேல்முனையில் இடிக்கிறேன்.
— வாசகர், சுவா சூ காங்

பதில்: “கொஞ்சம்” என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. பாயும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 10 விழுக்காடு குறைந்தால் தூரம் 19 விழுக்காடு குறையும். 30 பாகை சாய்ந்த லிப்பிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பினால், காற்றையும் உடம்பின் துள்ளலையும் கணக்கில் எடுக்காமல், அதே உயரத்தில் ஏறத்தாழ 6.1 மீட்டர் தள்ளி இறங்குவீர்கள். 27 கிலோமீட்டர் என்றால் 5 மீட்டர்தான். ஹேண்டில்பாரில் கை வைத்திருக்கும் உங்களுக்கு அந்த 3 கிலோமீட்டர் வேறுபாடு தெரியவே தெரியாது. இறங்கும் இடத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல்.

அதிகமாகப் போய்ச் சரிவைத் தாண்டிச் சமதரையில் இறங்குவதும் பாதுகாப்பில்லை. அதே கணக்கில், 30 பாகைச் சரிவில் இறங்கினால் சைக்கிள் வரும் திசையும் சரிவும் ஒன்றுபோல இருப்பதால் மோதல் மிகக் குறைவு. சமதரையில் இறங்கினால், கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நேர்க்கீழாக விழுந்த அடி. உயரம் கூடக் கூட இது வேகமாக மோசமாகும். குதிகால், மணிக்கட்டு, முதுகு மூன்றும் அந்த அடியை வாங்கும்.

ஆகவே வேகத்தை உணர்வால் ஊகிக்காமல், எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைக் கொண்டு பிடியுங்கள். பெடல் போடாமல் உருண்டு வரும் சைக்கிளின் வேகத்தை உயரம்தான் தீர்மானிக்கிறது. உராய்வே இல்லாத சைக்கிள் என்று வைத்துக்கொண்டாலும், 30 கிலோமீட்டர் வேகம் வர 3.5 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். உண்மையில் இன்னும் கூடுதலாக வேண்டும், மண் ஈரமாக இருந்தால் அதற்கும் மேல். அந்த ஜம்பை நன்றாகத் தாண்டுபவர், உங்கள் எடையும் உங்கள் வகை டயரும் உள்ளவர், எந்த மரத்தடியிலிருந்து உருளுகிறார் என்று பாருங்கள். அவர் பிரேக்கைத் தொடுகிறாரா என்று பாருங்கள். அவருக்குப் பின்னால் நாலு சைக்கிள் இடைவெளி விட்டு உருண்டு வந்து, லிப்புக்கு முன்னால் விலகிப் போங்கள். வேகம் பிடிபட்ட பின் தாண்டலாம். எதிர்க்காற்றில் தாண்ட வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் குறைவாக விழுவதற்கு வேகம் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். லிப்பில் கால் மடங்கினால் உயரம் கிடைக்காது, தூரமும் வராது. மேலே புக்கிட் பாஞ்சாங் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது 15. போன வாரம் பம்ப் டிராக்கில் சின்ன ஜம்பில் விழுந்து வலது கையை ஊன்றிவிட்டான். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தினால் வலிக்கிறது என்கிறான். சனிக்கிழமை மறுபடி போகவேண்டும் என்று பிடிவாதம். இந்த விளையாட்டையே நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது.
— ஒரு தாய், செங்காங்

பதில்: அன்புச் சகோதரி, சனிக்கிழமை வேண்டாம். முதலில் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். நான் மருத்துவன் அல்ல, ஆனால் கையை ஊன்றி விழுந்தவர்களை நிறையப் பார்த்தவன். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று மருத்துவர்கள் ஐயப்படுவார்கள். அந்த விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கத்தில் உள்ளதுதான். அதற்காகத்தான் பத்துப் பதினான்கு நாள் கழித்து மீண்டும் படம் எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள். முதலில் பார்த்தவர் தவறாகச் சொன்னார் என்று பொருளில்லை. அந்த எலும்பின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகும் வழி குறுகலானது. கவனிக்காமல் விட்டால் சேராமலேயே போய், பிற்காலத்தில் மணிக்கட்டு தேய்ந்துவிடும். “கட்டைவிரல் குழியில் வலி” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். பலதுறை மருந்தகத்திலும் அது உடனே புரியும்.

இதோடு இன்னொன்று, எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பிள்ளைகள் விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்துவது உண்டு. வெளியே ஒரு வட்டமான கன்றல் மட்டும் தெரியும், உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ காயப்பட்டிருக்கலாம். விழுந்த பிறகு வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, முகம் வெளுக்கிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இன்று மாலையே அவன் சைக்கிளின் இரண்டு கைப்பிடி முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். உலோகக் குழாய் திறந்து கிடந்தால் எந்தக் கடையிலும் சில வெள்ளிக்கு மூடி கிடைக்கும். அது போடாமல் அவனை வெளியே விடவேண்டாம்.

நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். அவன் கையை ஊன்றினான். விழும்போது கையை ஊன்றாமல் இருக்கக் கற்றுக்கொடுக்க முடியும், கடைசிக் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். “ஏன் விழுந்தாய்?” என்று ஒருமுறை கோபமில்லாமல் அவனிடம் கேட்டுப் பாருங்கள். “தெரியாது, சும்மா விழுந்துட்டேன்” என்றால் இன்னும் சில மாதம் பெரியவர் ஒருவரோடு மட்டும் போகட்டும். “முன்பிரேக்கைப் பிடிச்சிட்டேன்மா” என்பதுபோல ஏதாவது சொன்னான் என்றால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறான். அவனை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 47 வயதில் மலைச் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். கீத்தாமில் ஒரு சின்ன டேபிள் டாப்பில் விழுந்தேன், பெரிய காயமில்லை. ஆனால் அதன் பிறகு எந்த ஜம்பைக் கண்டாலும் லிப்புக்கு முன்னால் கை தானாகவே பிரேக்கைப் பிடிக்கிறது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போனாலும் இதேதான். விட்டுவிடுவதா?
— வாசகர், யீஷூன்

பதில்: ஐயா, விடவேண்டாம். ஆனால் லிப்பில் பிரேக் பிடிப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் அஞ்சும் விபத்தை அதுதான் வரவழைக்கும். ஏறுமுகத்தில் பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்கிறது, வேகம் போகிறது, கைகள் இறுகுகின்றன. மூன்றும் சேர்ந்தால் மூக்கு கவிழும்.

மனத்தைத் திடப்படுத்துவதால் இது தீராது. முடிவெடுக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். லிப்புக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் ஒரு கல்லையோ வேரையோ குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு முன்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரேக் பிடிக்கலாம், திரும்பி வரலாம், யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. அதைத் தாண்டிவிட்டால் விரல் லீவரின் மேல் இருக்கலாம், அழுத்தக் கூடாது. திரும்பி வருவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று தெரிந்ததும் கை தளர்வதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

டேபிள் டாப்பின் பெரிய நன்மை, அதன் மேல் உருண்டே போகலாம். முதலில் உருளுங்கள். சக்கரம் மண்ணை விடவே வேண்டாம். ஏறும்போது கால் நிமிர்வது, மேலே தளர்வது, இறங்கும்போது குதிகால் தாழ்வது, இதை மட்டும் பாருங்கள். கண் லிப்பைப் பார்க்காமல் இறங்குசரிவின் அடியைப் பார்க்கட்டும். உருள்வது சலித்துப்போகும் அளவுக்கு ஆனதும், கிளம்பும் இடத்தை ஒரு சைக்கிள் நீளம் மட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள். சக்கரம் தானாகவே கொஞ்சம் மண்ணை விடும். நன்றாக இரண்டு மூன்று தாவல் வந்த நாளில் அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள். உபினில் வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் தீர்ந்த பிறகு, படகு பிடிக்கும் முன் “கடைசியாக ஒன்று” என்று போனவர்களின் சைக்கிள்தான் திங்கட்கிழமை என் பட்டறையில் நிற்கும்.

முதல் விழுகையின் காரணம் உங்களுக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கண்டுபிடியுங்கள். காரணம் தெரியாதவரை உடம்பு எல்லா ஜம்பையும் சந்தேகப்படும். தெரிந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளும். வழுக்கிய வேரா, டயர் காற்று மிகுதியா, பெடலிலிருந்து கால் நழுவியதா? கூட வந்தவர்களைக் கேளுங்கள். முழங்கால், முழங்கைக் காப்புகள் கட்டாயம். நம் வயதில் எலும்பு சேர நாளாகும்.

கேள்வி: விழுந்ததில் ஹெல்மெட் தரையில் பட்டது. வெளியே கீறல்தான், உடைசல் இல்லை. தொடர்ந்து போடலாமா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: போடவேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது திரும்பி எழாது, வெளியே தெரியவும் தெரியாது. பெரிய ஜம்புக்குப் புதிதாக வாங்குவதானால் தாடையையும் மூடும் முழுமுக ஹெல்மெட் வாங்குங்கள். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப் 1952 என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது மலையிறக்கப் பந்தயங்களுக்கான தரம். கார்பன் ஹேண்டில்பாருக்கும் இதே நியாயம்தான். பலமாக அடிபட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், அது முன்னறிவிப்பில்லாமல் முறியும்.

கேள்வி: சிங்கப்பூரில் பெரிய ஜம்ப் பழக இடம் உண்டா? நாங்கள் நாலு பேர் சேர்ந்து காட்டுக்குள் ஒன்றைக் கட்டலாம் என்று இருக்கிறோம்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கட்டாதீர்கள். இயற்கை வனப்பகுதியில் மண்ணை வெட்டுவது சட்டத்துக்குப் புறம்பு. ஒரு குழு செய்யும் வேலையால் இருக்கும் பாதைகளும் எல்லோருக்கும் மூடப்படலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். நீண்ட இறக்கம் இங்கே கிடைக்காது, ஆகவே வெளிநாட்டில் பார்க்கும் அளவு ஜம்ப்களை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அடிப்படைக்குத் தேவையானது இருக்கிறது. 81 ஹெக்டேர் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்டது, அங்கே 8 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதையும் பம்ப் டிராக்கும் உண்டு. மழை பெய்தால் பாதையை மூடுவார்கள், பலகையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். ஈரக் களிமண்ணில் டயர் போட்ட தடம் காய்ந்ததும் அடுத்தவரை விழவைக்கும். உபினில் 2008இல் திறந்த கீத்தாம் பூங்காவில் பாதைகள் கடினத்தைப் பொறுத்துக் குறியிடப்பட்டிருக்கின்றன. கறுப்பு வைரக் குறி போட்ட பாதையில் முதல் நாளே இறங்கவேண்டாம். தெம்பனிஸ் பைக் பூங்கா இருந்த காலத்தில் இளையருக்கு இன்னொரு நல்ல இடம் இருந்தது. 2010 இளையர் ஒலிம்பிக்கின் பிஎம்எக்ஸ் சைக்கிள் போட்டி நடந்த அந்த இடம் 2014இல் மூடப்பட்டதை நினைத்தால் இன்னமும் எனக்கு வருத்தம்தான். அப்படி ஓர் இடம் வேண்டும் என்று தேசியப் பூங்காக் கழகத்துக்கு எழுதுங்கள். நாலு பேர் மண்வெட்டி எடுப்பதைவிட நானூறு பேர் கடிதம் எழுதுவது நம் பிள்ளைகளுக்கு உதவும்.

கேள்வி: எப்படியும் விழத்தான் போகிறோம். எப்படி விழவேண்டும்? விழுந்தவருக்குக் கூட இருப்பவர் என்ன செய்யவேண்டும்?
— வாசகி, பாசிர் ரிஸ்

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாருமே கேட்பதில்லை.

காற்றில் இருக்கும்போதே தவறிவிட்டது என்று தெரிந்தால் சைக்கிளை உங்களிடமிருந்து தள்ளிவிடுங்கள். பிடித்துக்கொண்டே விழுந்தால் அதன் மேலேயே விழுவீர்கள். கையை நீட்டி ஊன்றாதீர்கள். முழங்கைகளை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, ஒரு தோளின் பின்பக்கம் படும்படி உருளுங்கள். தரையை ஓரிடத்தில் நிறுத்தி வாங்காமல் உடம்பு நெடுக வாங்குவதுதான் நோக்கம். இதை யோசித்துச் செய்ய நேரம் இருக்காது, ஆகவே முன்பே பழகியிருக்க வேண்டும். ஜூடோ வகுப்புகளில் முதலில் கற்றுத்தருவதே விழுவதைத்தான். சில வாரம் போனாலும் பலன் உண்டு. மெத்தை விரித்து வீட்டிலும் முழங்காலிட்ட நிலையிலிருந்து பழகலாம்.

இனி, கூட இருப்பவர். முதல் வேலை விழுந்தவரிடம் ஓடுவதல்ல. ஒருவர் உடனே மேலே ஓடி, அடுத்து வருபவர்களைக் கத்தி நிறுத்தவேண்டும். லிப்புக்கு அப்பால் விழுந்து கிடப்பவரை மேலிருந்து வருபவரால் பார்க்க முடியாது. தன் சைக்கிளைப் பாதையின் குறுக்கே நிறுத்திவிட்டு அங்கேயே நிற்கட்டும். இன்னொருவர் கீழே போகட்டும். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். பேசவிடுங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் அசைக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். ஹெல்மெட்டையும் கழற்றவேண்டாம்.

எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல, சரியாயிட்டேன்” என்பவரைத்தான் நன்றாகப் பார்க்கவேண்டும். எந்தப் பாதையில் இருக்கிறோம், எப்படி வந்தோம் என்று கேளுங்கள். தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, வெளிச்சம் கூசுகிறது என்றாலோ, மூளை அதிர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் சைக்கிளில் ஏறக்கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும். மருத்துவர் பார்க்கட்டும். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகத் தொடங்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 995. அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள்.

பாதைக்குள் நுழையும்போதே அங்கங்கே நட்டிருக்கும் குறியெண் பலகைகளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். 995இல் பேசுபவர் முதலில் கேட்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான்.